பூஜ்ஜியம் காட்டிய இண்டெக்ஸ்

எங்கள் பில் டேபிளில் மொத்தம் 9 இண்டெக்ஸ்கள். புத்தகத்தின் பின்பக்கச் சொல்லடைவு போல, தேடும் வரிசையைச் சீக்கிரம் காட்டுபவை அவை. ஒவ்வொன்றும் எத்தனை முறை தேடலுக்குப் பயன்பட்டது என்று எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் எண்ணி வைத்திருக்கும். அந்தப் பட்டியலில் இரண்டுக்கு நேராக 0 என்று இருந்தது. எட்டு மாதத்துக் கணக்கு அது, நடுவில் யாரும் அழிக்கவில்லை.

ஒன்று, பில் எண் மேல் இருந்த யூனிக் இண்டெக்ஸ். அதை யாரும் தேடாவிட்டாலும் ஒரே எண்ணில் இரண்டு பில் விழாமல் காப்பது அதுதான். அதனால் தொடவில்லை. இன்னொன்று, பில்லைக் கடைசியாகத் திருத்திய நேரத்தின் மேல் இருந்தது. என் கண் அதன் மேல்தான்.

காரணம் இருந்தது. போஸ்ட்கிரெஸில் ஒரு வரிசையைத் திருத்தினால் அதற்குப் புதுப் பிரதி ஒன்று எழுதப்படும். இண்டெக்ஸ் உள்ள எந்தப் பத்தியும் மாறாமல், அந்த வரிசை இருக்கும் சேமிப்புப் பக்கத்திலேயே இடமும் இருந்தால், இண்டெக்ஸ்களைத் தொடாமலே வேலை முடியும். ஹாட் அப்டேட் என்பார்கள். திருத்திய நேரமோ ஒவ்வொரு திருத்தத்திலும் மாறும். அதற்கு இண்டெக்ஸ் இருந்ததால் அந்தச் சலுகை ஒரு திருத்தத்துக்குக்கூடக் கிடைக்கவில்லை. பில்லில் ஒரு குறிப்பு மாறினாலும் 9 இண்டெக்ஸிலும் புதுப் பதிவு. கவுண்டரில் பில் சேமிக்க நேரமாகிறது என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம்.

இரவு பதினொரு மணிக்கு நீக்கினேன், மற்ற வேலைகளைத் தடுக்காமல் செய்யும் கன்கரன்ட்லி என்ற சொல்லைச் சேர்த்துத்தான். வெறும் ட்ராப் இண்டெக்ஸ் கட்டளை முழு டேபிளையும் பூட்டும். ஏற்கெனவே ஓடும் நீண்ட வினவல் ஒன்றுக்காக அது காத்திருந்தால், பின்னால் வரும் சாதாரண வினவல்களும் அதன் பின்னால் வரிசையில் நின்றுவிடும். மறுநாள் கவுண்டரில் வேகம் நன்றாகவே தெரிந்தது. எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

ஒன்றாம் தேதி காலை அக்கவுண்ட்ஸ் அக்கா போன் செய்தார். "தம்பி, திருத்தின பில் ரிப்போர்ட் சுத்திக்கிட்டே இருக்கு, அப்புறம் எர்ரர்னு வருது. பத்து மணிக்குள்ள ஆடிட்டருக்கு அனுப்பணும்."

அந்த ரிப்போர்ட் ஓடுவது ரெப்ளிகாவில், அதாவது பிரைமரி என்ற முதன்மை சர்வரின் நகலாக இருக்கும் இன்னொரு சர்வரில். அது நினைவுக்கு வந்ததும் வயிற்றைப் பிசைந்தது. நான் பார்த்த 0 பிரைமரியின் கணக்கு. ரெப்ளிகா தன் பயன்பாட்டைத் தனியாக எண்ணுகிறது, அது பிரைமரிக்கு வராது. ஆனால் பிரைமரியில் நீக்கினால் ரெப்ளிகாவிலும் போய்விடும். அங்கே மட்டும் திரும்ப உருவாக்கவும் வழியில்லை, அது படிக்க மட்டுமே. இண்டெக்ஸ் இல்லாத அந்த ரிப்போர்ட் முழு டேபிளையும் படித்துக்கொண்டிருந்தது. பிரைமரியிலிருந்து வரும் மாற்றங்களோடு மோதும்போது ரெப்ளிகா அதைப் பாதியில் ரத்து செய்தது.

மறுபடி உருவாக்க இரண்டு மணி நேரம் ஆனது. கவுண்டர்கள் திறந்திருந்ததால் கன்கரன்ட்லி போட்டேன், அது டேபிளை இரண்டு முறை படித்து மெதுவாகத்தான் கட்டும். இடையில் தோற்றால் இன்வேலிட் என்ற நிலையில் ஓர் அரைகுறை இண்டெக்ஸ் தங்கிவிடும், அதை நீக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரமும் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அக்காவின் மெயில் பத்து மணிக்குப் போகவில்லை. ஆடிட்டரிடம் நேரம் கேட்டது அவர்தான். என் வேலையின் விளைவை வேறொருவர் சுமந்தது இன்றும் உறுத்துகிறது.

மைஎஸ்க்யூஎல் 8.0 என்ற இன்னொரு டேட்டாபேஸில் இண்டெக்ஸை நீக்காமல், வினவல்கள் கண்ணில் படாதபடி முதலில் இன்விசிபிள் ஆக்கி வைக்கலாம். பிரச்சினை வந்தால் ஒரு கட்டளையில் திரும்பிவிடும். அந்த வசதி எங்களிடம் இருந்திருந்தால் அன்று காலை ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். போஸ்ட்கிரெஸ் 16-இலிருந்து கடைசியாக எப்போது பயன்பட்டது என்ற நேரமும் தெரிகிறது. அதையும் ஒவ்வொரு சர்வரிலும் போய்த்தான் பார்க்க வேண்டும்.

இண்டெக்ஸ் திரும்பி வந்ததும் கவுண்டரில் பழைய மந்தமும் திரும்பியது. சரி, ரிப்போர்ட்டுக்கு வேறு வழி செய்வோம் என்று, திருத்தங்களை மட்டும் பதியும் சின்ன டேபிள் ஒன்றைச் சேர்த்தோம். மூன்று மாத முடிவுகளில் அக்கா பழைய ரிப்போர்ட், புது ரிப்போர்ட் இரண்டையும் எடுத்து வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தார். நான் ரெப்ளிகாவின் கணக்கையும் பார்த்தேன், இண்டெக்ஸை உருவாக்கும் கட்டளையை ஒரு ஃபைலில் எழுதி வைத்தேன். அப்புறம் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"எடுத்துடு தம்பி," என்றார்.