யாய்

தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதிக்கு ஈசான் என்று பெயர். நம்முடைய ஈசான மூலையேதான். அங்கே உடோன் தானி பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லித்தர ஒரு மே மாதம் போய்ச் சேர்ந்தேன்.

ஜூனில், ஒரு வியாழக்கிழமை, 'வாய் க்ரூ' நாள் வந்தது. வாய் என்றால் வணக்கம், க்ரூ என்றால் குரு. ஆசிரியர்களை மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பிள்ளைகள் முழங்காலில் நகர்ந்து வந்து தட்டை நீட்டினார்கள். தட்டில் அறுகம்புல், வெட்சிப்பூ, கத்தரிப்பூ. அறுகம்புல்லைப் பார்த்ததும் 'இது பிள்ளையாருக்கு அல்லவா' என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்வி அறுகு போலப் படர வேண்டும், புத்தி வெட்சி மொட்டு போல ஊசியாக இருக்க வேண்டும், கத்தரிப்பூ போலத் தலை குனியத் தெரிய வேண்டும் என்று பக்கத்தில் இருந்த ஆசிரியை விளக்கினார். சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, என் முன்னால் இத்தனை தலைகள் குனிந்தது கூச்சமாக இருந்தது.

ஆகஸ்ட் 12 அன்னையர் தினம். ராணி சிரிகிட்டின் பிறந்தநாள். அதற்கு முந்தைய வேலைநாளில் பள்ளியில் விழா. இந்த முறை நாற்காலி அம்மாக்களுக்கு. பிள்ளைகள் மல்லிகையோடு வந்து காலடியில் விழுந்து வணங்குவார்கள். மூன்றாம் வகுப்புக்கு வாழ்த்து அட்டை தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. 'மே' என்றால் அம்மா. தாய்லாந்து எழுத்தில் 'மே, உன்னை நேசிக்கிறேன்' என்று அச்சடித்து, கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதச் சொன்னேன். ஒரு சிறுமி மட்டும் பென்சிலைத் தொடவில்லை. அப்புறம் என்னிடம் வந்து, "டீச்சர், இதை அடித்துவிட்டு யாய் என்று போடலாமா?" என்றாள்.

யாய் என்றால் அம்மாவின் அம்மா. ஈசானில் அப்பா அம்மா இருவரும் பாங்காக்கில் வேலை பார்க்க, பிள்ளைகள் ஊரில் பாட்டியிடம் வளர்வது சர்வசாதாரணம். இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. ஆனாலும் வகுப்பு முழுக்க ஒரே அட்டையை அச்சடித்திருந்தேன். "தாராளமாகப் போடு" என்றேன். அதைக் கேட்டு இன்னும் எட்டுப் பேர் அழிப்பானை எடுத்தார்கள். அச்சு அழியாது என்று தெரிந்ததும் அடித்துவிட்டு எழுதினார்கள். நம் சங்கப் பாட்டில் யாய் என்றால் தாய். இரண்டும் ஒரே சொல் என்று நான் சொல்ல வரவில்லை, அன்றைக்கு அந்த அட்டைகளை அப்படித்தான் வாசித்தேன்.

ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை 'வான் டெக்', குழந்தைகள் தினம். ஒவ்வோர் ஆண்டும் அதற்கென்று பிரதமர் ஒரு வாசகம் வெளியிடுவார், பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். ராணுவப் புரட்சி செய்து ஆட்சிக்கு வந்த சரித் தனரத், 1959இல் 'என் புரட்சிக் காலக் குழந்தைகள்' என்றே விளித்து எழுதியவர். இந்த வாசகங்கள் எனக்கு என்றுமே ருசித்ததில்லை. ஆனால் அந்த நாள் பிடித்தது. பாங்காக்கில் அரசு மாளிகையைத் திறந்துவிட்டு, பிரதமரின் நாற்காலியிலேயே குழந்தைகளை உட்கார வைக்கிறார்கள். எங்கள் பக்கம் விமானப்படைத் தளம் திறந்திருந்தது. ஐஸ்கிரீம் இலவசம், குலுக்கலில் சைக்கிள், பீரங்கி மேல் சறுக்கி விளையாடும் பொடிசுகள். குழந்தைக்கு ஆயுதத்தைக் காட்டி மகிழ்விப்பது என்ன வழக்கமோ என்று முணுமுணுத்துக்கொண்டே நானும் வரிசையில் நின்றேன்.

எனக்கு முன்னால் அந்தச் சிறுமி, யாயின் கையைப் பிடித்தபடி. ஹெலிகாப்டர் அருகே வந்ததும் சிப்பாய் அவளை இடுப்பைப் பிடித்துத் தூக்கி இருக்கையில் உட்கார வைத்தார். அவள் உள்ளேயிருந்து கையை நீட்டினாள். சிப்பாய் ஒரு நொடி யோசித்தார், பிறகு குனிந்து யாயின் செருப்பைக் கழற்ற உதவினார்.