திரைக்குள் இருப்பவர் நமக்கு யார்?

ரியாலிட்டி ஷோவில் பிடித்தவர் வெளியேறிய இரவு தூக்கம் வராமல் புரள்பவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அந்த வலி நிஜம். டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு ஆய்வாளர்கள் 1956-லேயே இந்த ஒருவழி நெருக்கத்தை ஆராய்ந்து, பாராசோஷியல் என்று பெயரிட்டார்கள்.

அந்த நெருக்கம் பெரும்பாலும் எடிட்டிங்கில்தான் ஊட்டி வளர்க்கப்படுகிறது. போட்டியாளர் தனியறையில் கேமராவைப் பார்த்துப் பேசும் காட்சியைக் கவனியுங்கள். வீட்டிலிருப்பவர்களிடம் சொல்லாததை நம் கண்ணைப் பார்த்துச் சொல்கிறார். ரகசியம் சொன்னவரை மனசு நண்பராகவே சேர்த்துக்கொள்கிறது. நாள் முழுக்க எடுத்த பதிவு ஒரு மணி நேரமாகச் சுருங்கும்போது, எப்போதோ முகம் சுளித்தது வேறொரு பேச்சுக்குப் பதிலாக ஒட்டப்படலாம். கூடவே சோக இசை. வாக்களித்தால் பிடி இன்னும் இறுகும்: ‘நான் காப்பாற்றிய ஆள்’ ஆகிவிடுகிறார்.

ரசிப்பதில் தப்பே இல்லை. எதிர்ப் போட்டியாளரின் குடும்பத்தைத் திட்டுவதும், அவருக்கு அனுப்பிய செய்திக்குப் பதில் வராதா என்று ஏங்குவதும்தான் ஆபத்து. நெஞ்சை உலுக்கிய காட்சியை ஒலியை அணைத்து மறுபடி பாருங்கள். பாதி உணர்ச்சி இசையோடு போய்விடும். படுக்கப் போகுமுன் கிளிப்புகள் வேண்டாம். சீசன் முடிந்ததும் அவர் பக்கத்தைச் சில வாரம் மியூட் செய்துவிட்டு, அதே நேரத்துக்கு ஒரு நண்பரை அழைத்துப் பேசுங்கள். காலியான அந்த ஒரு மணி நேரம்தான் முதல் வாரத்தில் அதிகம் படுத்தும்.