சோற்றை விடாமல் எடை குறைந்த கதை

கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்று ஸ்கேனில் வந்தபோது என் எடை 78 கிலோ, உயரம் 158 செ.மீ. உயரத்துக்கேற்ற எடைதானா என்று காட்டும் பிஎம்ஐ கணக்கில் 31. நம் நாட்டவருக்கு 25 வந்தாலே உடல்பருமன் என்றுதான் கணக்கு. டாக்டர் பயமுறுத்தவில்லை. "முதல்ல ஒரு நாலு கிலோ குறைங்கம்மா" என்றார். எடையில் 5 சதவீதம் இறங்கினாலே கல்லீரல் கொழுப்பு குறைய ஆரம்பிக்குமாம். அந்தச் சின்ன எண்தான் எனக்குத் தெம்பு கொடுத்தது.

உணவு ஆலோசகர் கேட்ட முதல் கேள்வி, "மாசம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குறீங்க?" நாலு பேருக்கு ஏழு லிட்டர். ஆளுக்கு நாளைக்கு 30 கிராம் என்று வைத்தாலும் நாலு லிட்டரில் முடிய வேண்டும். எடை என்றாலே எல்லோரும் சோற்றைத்தான் குறை சொல்வார்கள். மாவுச்சத்து ஒரு கிராமில் 4 கலோரி, எண்ணெயில் 9. அதனால் யார் கேட்டாலும் முதலில் எண்ணெயைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

மாதம் நாலு லிட்டர், அதற்கு மேல் கிடையாது என்று முடிவு செய்தோம். பீன்ஸைத் தண்ணீர் தெளித்து மூடி போட்டு வேகவிட்டு, கடைசியில் ஒரு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, உளுந்து, வரமிளகாய் தாளித்துக் கொட்டுவேன். கடைசியாகச் சேர்வதால் தாளிப்பு வாசனை தூக்கலாகவே இருக்கும். வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை.

அப்புறம் தட்டு. பாதித் தட்டுக்குக் காயும் கூட்டும், பக்கத்தில் முட்டையோ சுண்டலோ, மிச்ச இடத்தில்தான் சோறு. சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று தடவை சோறு போடும் வீடு எங்களுடையது. ரசத்தையும் மோரையும் டம்ளரில் குடிக்க ஆரம்பித்ததும் அத்தைக்கு மனசு கேட்கவில்லை. "வயித்துக்கு வஞ்சகம் பண்ணாதம்மா" என்பார். "அந்தக் கூட்டை இன்னொரு கரண்டி வைங்க அத்தை" என்பேன். பரிமாறிய திருப்தி அவருக்கு, வயிறு நிறைந்த திருப்தி எனக்கு.

நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் அதுவே 40 கிராம். 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரை அரை ஸ்பூனாகக் குறைத்து, இப்போது சர்க்கரை இல்லாமல் இரண்டு டீ. சாயங்காலம் தெப்பக்குளத்தைச் சுற்றி நடை.

முதலில் மளமளவென்று இறங்கிய எடை, பிறகு அசையாமல் நின்றது. பலர் விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். உடம்பு இளைக்க இளைக்க அதன் கலோரித் தேவையும் குறைவதால் இப்படி நிற்பது சகஜம் என்றார் ஆலோசகர். டேப்பை வைத்து அளந்து காட்டினார். எடை நின்ற நாட்களிலும் வயிற்றுச் சுற்றளவு குறைந்திருந்தது! அன்றிலிருந்து எடை மெஷினைவிட டேப்பைத்தான் நம்புகிறேன்.

இப்போது 71 கிலோ. பெண்களுக்குச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், எனக்கு இன்னும் 86. கொழுப்போடு தசையும் கரைந்துவிடாமல் இருக்க, வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி சேர்க்கச் சொல்லியிருக்கிறார் ஆலோசகர். தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்கி ஆரம்பித்திருக்கிறேன்.