உச்சந்தலையில் தெரிந்த அலை, பொட்டு மடல்களில் இருந்த மூலம்

மூளை மின்பதிவிலிருந்து (தலைமேல் வைத்த மின்முனைகளால் எடுக்கும் இ.இ.ஜி.) மூளைக்குள் ஓடும் மின்னோட்டத்தின் மூலத்தைக் கண்டறியும் முறையைப் பழகுவதற்கு, விடை ஏற்கெனவே தெரிந்த ஒரு கணக்கையே நான் தேர்ந்தெடுத்தேன். ஒலி கேட்ட ஏறத்தாழ 100 மில்லிநொடியில் எழும் எதிர்மின் அலை உச்சந்தலையை ஒட்டிய மின்முனைகளிலேயே மிகப் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் அதை எழுப்புவதில் பெரும்பங்கு வகிக்கும் நரம்பணுக்கள் இருபுறமும் பொட்டு மடல்களின் (மூளையில் நெற்றிப்பொட்டை ஒட்டிய பகுதிகள்) மேல்முகத்தில் உள்ளன. அங்கே மின்னோட்டம் பக்கவாட்டில் அல்லாமல் மேல்கீழாக ஓடுவதால்தான் அலை உச்சியில் தெரிகிறது. செவிக்குப் பின்னுள்ள எலும்பின் மேல் வைத்த மின்முனைகளில் அதே கணத்தில் அலை தலைகீழாக மாறுவதைப் பார்த்தபோதுதான் இந்த அமைப்பு எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

வெளியே அளக்கும் மின்னழுத்தத்தைக் கொண்டு உள்ளேயுள்ள மின்னோட்டத்தை ஒரே விடையாகத் தீர்மானிக்க இயலாது என்பதை ஜெர்மானிய அறிவியலாளர் எல்ம்ஹோல்ட்ஸ் 1853இலேயே காட்டிவிட்டார். ஆகவே எந்த மென்பொருளும் சில அனுமானங்களின் மேல் நின்றுதான் விடை சொல்கிறது. எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து தோல், மண்டையோடு, மூளை என மூன்று அடுக்குகளைப் பிரித்து மாதிரி அமைப்பது பெரும்பாலும் தானாக நடந்தது. மின்முனைகளின் இடங்களை மூக்கின் வேரையும் இரு காதுகளின் முன்புள்ளிகளையும் கொண்டு அந்தப் படத்தோடு பொருத்துவதுதான் (சலிப்பூட்டும் வேலை, ஆனால் தவிர்க்கக் கூடாதது) அதிக நேரம் எடுத்தது. மண்டையோடு மூளையைவிட 80 மடங்கு குறைவாக மின்சாரத்தைக் கடத்தும் என நீண்ட காலம் கொள்ளப்பட்டது. பிற்கால அளவீடுகள் பலவும் அதைவிட மிகச் சிறிய விகிதத்தையே தந்தன. இந்த ஓர் எண்ணைக் கூட்டினாலே மூலம் தலையின் மேற்பரப்பை நோக்கி நகர்ந்துவிடுகிறது.

முதலில் ஒற்றை இருமுனை மாதிரியைப் (மூலத்தை ஒரே புள்ளியில் ஒரே திசையில் ஓடும் மின்னோட்டமாகக் கொள்வது) பொருத்தினேன். அது தலையின் நட்டநடுவில், புறணியே (மூளையின் மடிப்புள்ள வெளி அடுக்கு) இல்லாத ஆழத்தில் போய் நின்றது. எனினும் பதிவோடு அதன் பொருத்தம் மிக நன்றாகவே இருந்தது. பொருத்தத்தின் அளவு மட்டும் எதையும் மெய்ப்பிக்காது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. சமச்சீரான இரண்டு இருமுனைகளை வைத்ததும் அவை இரு பொட்டு மடல்களுக்கும் சென்று அமர்ந்தன. பதிவுக்குப் பொருந்தும் விடைகளில் மிகக் குறைந்த மொத்த மின்னோட்டம் உள்ளதைத் தேர்ந்தெடுக்கும் குறைந்தபட்ச நெறிம முறை மூலத்தை அகன்ற திட்டாக விரித்து மேற்பரப்பை நோக்கி இழுத்ததால், ஆழத்துக்கு ஈடுசெய்யும் எடையைச் சேர்க்க வேண்டியிருந்தது. மற்ற இடங்களின் குறிகைகளை வடிகட்டி ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியே பார்க்கும் கற்றைவடிப்பு முறையோ இந்தப் பதிவுக்குப் பொருந்தவே இல்லை. இரு பக்கங்களும் ஒரே நேரத்தில் ஒத்து இயங்கும்போது அது இரண்டையுமே அடக்கிவிடும்.

விடை தெரியாத பதிவுகளில் இப்போது மண்டையோட்டுக்கான கடத்தல் விகிதத்தை இரண்டு விதமாக வைத்துக் கணக்கிடுகிறேன். இரண்டிலும் ஒரே புறணி மடிப்பில் நிற்கும் மூலத்தை மட்டும் அறிக்கையில் பெயர் குறிப்பிட்டு எழுதுகிறேன், இடம் மாறுவதை மடலளவில் மட்டுமே குறிக்கிறேன்.