எகிராண்யு என்பவர் யார்?

மே 12

புடாபெஸ்ட் விமான நிலையத்திலிருந்து 100இ பஸ் பிடித்து டெயாக் ஃபெரென்ட்ஸ் தேரில் இறங்கினோம். ஆமாம், தேர்தான். ஹங்கேரிய மொழியில் சதுக்கத்தை அப்படித்தான் சொல்கிறார்கள், உச்சரிப்பும் கிட்டத்தட்ட நம் தேர் மாதிரியே இருக்கிறது. கொஷூத் லாயோஷ் தேர், லிஸ்ட் ஃபெரென்ட்ஸ் தேர் என்று புடாபெஸ்ட் முழுக்கத் தேர் நிற்கிறது, வடம்தான் இல்லை.

ராத்திரி ஒரு நடை போய்வந்த மச்சான் சொன்னார்: "மாப்ளே, இந்த ஊர்ல பெரிய தலைவர் எகிராண்யுதான் போல. நம்ம ஓட்டல் தெரு அவர் பேர்ல, பின்தெருவும் அவர் பேர்லதான், மருந்துக்கடைச் சந்துகூட அவர் பேர்லதான்." வழி தவறினால் டாக்சிக்காரரிடம் காட்டலாம் என்று பலகையைப் போட்டோ வேறு எடுத்து வைத்திருந்தார்.

மே 13

காலையில் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் மச்சான் போட்டோவை நீட்டி, இவர் கவிஞரா, போராட்ட வீரரா என்று கேட்டார். அந்தப் பெண் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், உள்ளே இருந்த இன்னொருவரையும் கூப்பிட்டுக் காட்டினாள். 'எகிராண்யு உத்சா' என்றால் ஒருவழித் தெருவாம்! நீலப் பலகையில் வெள்ளை அம்புக்குறி, அதற்குள் இந்த எழுத்து. ஆற்றுக்குக் கிழக்கே உள்ள பெஷ்ட் பக்கத்துத் தெருக்கள் குறுகல் என்பதால் திரும்பின இடமெல்லாம் ஒருவழிதான்.

"அம்புக்குறியைப் பார்க்கலையா மச்சான்?"

"பார்த்தேனே, சிலை இருக்கிற பக்கத்தைக் காட்டுதுன்னு நினைச்சேன்."

மே 14

உண்மையான தெருப்பெயர் கட்டடச் சுவரில் இருக்கிறது. அதில் முதலில் ரோமன் எண்ணைத்தான் பார்க்க வேண்டும், அது வட்டாரத்தின் எண். புடாபெஸ்டில் மொத்தம் 23 வட்டாரங்கள். 1950-இல் சுற்றியிருந்த ஊர்களையெல்லாம் நகரத்தோடு சேர்த்தபோது, ஒவ்வொரு ஊரும் கவிஞர் பெட்டோஃபி பேரில் ஒரு தெருவையும் போராட்டத் தலைவர் ராகோட்சி பேரில் ஒரு தெருவையும் கையோடு கொண்டுவந்துவிட்டது. அதனால் வட்டாரம் தெரியாமல் வெறும் தெருப்பெயரை வைத்துக்கொண்டு கிளம்பினால் நகரத்தின் மறுகோடியில் போய் நிற்க வேண்டியதுதான். அஞ்சல் குறியீடு இருந்தால் பிழைத்தோம், நடுவில் உள்ள இரண்டு இலக்கமும் வட்டார எண்தான்: 1052 என்றால் ஐந்தாவது வட்டாரம்.

மெட்ரோவில் 'கி' என்று தொடங்கினால் வெளியே போகும் வழி, 'பெ' என்றால் உள்ளே வரும் வழி. இது போதும் எனக்கு.

மே 16

ஆண்ட்ராஷி சாலையின் கதை தனி. 1950-இல் ஸ்டாலின் சாலை ஆனது. சோவியத் ஆதிக்கத்தை எதிர்த்த 1956 புரட்சியின்போது ஹங்கேரிய இளைஞர் சாலை. அதுவும் நிலைக்கவில்லை, 1957-இல் மக்கள் குடியரசுச் சாலை ஆக்கினார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சி முடிந்ததும் 1990-இல் மறுபடி ஆண்ட்ராஷி. அந்தச் சமயத்தில் நகரம் முழுக்கப் பெயர் மாறியதால், பழைய பலகைகளைக் கழற்றாமல் குறுக்கே சிவப்புக்கோடு போட்டு அடித்துவிட்டுப் புதிய பலகையைப் பக்கத்திலேயே மாட்டினார்களாம். தபால்காரர்மேல் இரக்கப்பட்டுச் செய்த வேலையாக இருக்க வேண்டும். எனக்குப் பிடித்திருக்கிறது.

மே 17

மச்சானின் பழைய நண்பர் ஒருவர் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். முதல் மாடிதான், லிஃப்ட் இல்லை, பரவாயில்லையே என்றார். சரி என்று ஏறினோம். தரைத்தளம், அதற்கு மேலே உயர் தரைத்தளம், அப்புறம் 'ஃபேல்எமெலெத்' என்று ஓர் அரைமாடி, இதெல்லாம் முடிந்த பிறகுதான் சுவரில் 'ஒன்று' என்று எழுதியிருக்கிறது. பழைய கட்டடங்களில் இதுதான் கணக்காம். மச்சான் படியிலேயே உட்கார்ந்துவிட்டார், நாலாம் மாடிக்காரன் என்ன பாவம் பண்ணினானோ என்று கேட்டபடி.