சிலியாவின் ஒரு சேர் தானியம்

மார்ச் 3

ரிப்போர்ட் நாளைக்குத்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பையில் பிரேம்சந்தின் இந்தி நாவல் 'கோதான்' இருந்தது. கதையின் மையமான விவசாயத் தம்பதி ஹோரியும் தனியாவும் ஒருபக்கம் இருக்கட்டும், இந்த முறை அதே ஊர்ப் பெண் சிலியாவுக்காக மட்டும் படிக்கிறேன். அவளைப் பொறுமைசாலி என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மார்ச் 4

வரவில்லை.

மார்ச் 5

களத்துக் காட்சியைத் தாண்டவே முடியவில்லை. உடம்பெல்லாம் பதரும் தூசும், வியர்வை, பாதி அவிழ்ந்த கூந்தல். சிலியா ஓடியோடித் தானியம் தூற்றுகிறாள், ஏதோ விளையாட்டில் இறங்கியவள் மாதிரி. கூலிக்கு வந்தவள் இப்படித் தூற்றமாட்டாள். இது தன் வீட்டு விளைச்சல் என்று நம்புகிறவள்தான் தூற்றுவாள்.

கடைக்காரி துலாரி பாக்கி கேட்டு வருகிறாள். குவியலிலிருந்து ஒரு சேர் போல அள்ளி அவள் முந்தானையில் போடுகிறாள் சிலியா. மாதாதீன் பாய்ந்து வந்து அந்த முந்தானையைப் பிடித்து, திரும்பக் கொட்டச் சொல்கிறான். உன் பொருளில் எனக்கு உரிமையே இல்லையா என்று கேட்கிறாள். இல்லை, வேலை செய்கிறாய், சாப்பிடுகிறாய் என்கிறான். பிராமணன். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சமார் சாதிப் பெண்ணான அவளோடு வாழ்வான், அவள் கையால் சாப்பிடமாட்டான்.

இவளைப் போய்ப் பொறுமைசாலி என்பதா? 1936இல் வந்த நாவலில், களத்தில் நின்று பங்கு கேட்கிறாள்.

மார்ச் 6

அத்தைக்குக் கதை சொன்னேன். சிலியாவின் அப்பா ஆட்களோடு வந்து மாதாதீனின் பூணூலை அறுத்து, வாயில் எலும்பைத் திணிக்கும் இடத்தில் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"அப்புறம் அவ கெளம்பிட்டாளா?"

"இல்ல அத்தை. வரமாட்டேன்னுட்டா."

"ஏண்டி, விரட்டினவன் வாசல்லயே எதுக்கு நிக்கணும்? பெத்தவங்களோட போகவேண்டியதுதானே?"

"அவங்களும்தான் அடிச்சு இழுக்கிறாங்க. அம்மாவே புடவையக் கிழிக்கிறா."

அத்தைக்குச் சமாதானம் ஆகவில்லை. எனக்கும் முழுசாக ஆகவில்லை. ஆனால் அவள் போயிருந்தால் அந்தக் களத்துக் கேள்வி அங்கேயே செத்திருக்கும். தனியா தன் வீட்டில் இடம் கொடுத்தாள். ஊரிலேயே இருந்தாள், எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டு.

மார்ச் 7

தூக்கமில்லை. ஒரு சேர். ஒரே ஒரு சேர்.

மார்ச் 9

இரண்டு ரூபாய்! ஹோரி மூலம் மாதாதீன் அனுப்புகிறான். அதைத் தன் தோழி, ஹோரியின் மகள் சோனாவிடம் சொல்ல ராத்திரியோடு ராத்திரியாக ஆற்றைக் கடந்து ஓடுகிறாள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அவ்வளவு கோபம். பிறகு திறந்தேன். பணத்துக்காக இந்தச் சந்தோஷம் வராது. அவன் நினைத்தான் என்பதற்கு இப்போது சாட்சி இருக்கிறது, அவளுக்கு அது வேண்டியிருந்தது.

பிள்ளை ராமு நிமோனியாவில் போன பிறகுதான் மாதாதீன் முழுசாக வருகிறான். நான் சமாராகவே இருக்கிறேன் என்கிறான். நல்ல வசனம்தான். ஆனால் அவன் திருந்துவதற்கு அவள் பிள்ளை சாகவேண்டியிருந்ததா? இதில் பிரேம்சந்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மார்ச் 10

பதினொரு மணிக்கு டாக்டர் கூப்பிட்டிருக்கிறார். அத்தைக்கு இன்னும் அந்த வாசல் பிரச்சினைதான், காலையிலேயே ஆரம்பித்துவிட்டார். நர்ஸ் வருகிறார்.