1987 கேடிலாக் ப்ரோம்: இன்ஜினைத் தூக்குவதற்கு முன் ஐந்து வாரம்

நேற்று மதியம், கம்ப்யூட்டர் கார்புரேட்டருக்கு என்ன உத்தரவு கொடுக்கிறது என்று காட்டும் டுவெல் மீட்டரின் முள், கலவை சரி என்று சொல்லும் 30-க்குப் பக்கத்தில் வந்து, இரண்டு மூன்று டிகிரி மேலும் கீழுமாக ஆட ஆரம்பித்தது. "மாமா, முள்ளு ஆடுது!" என்று மச்சினன் கத்தினான். ஐந்து வாரமாக இதற்காகத்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஷெட்டில் கிடந்தோம்.

வண்டி 1987 கேடிலாக் ப்ரோம். டெட்ராய்ட் கிளார்க் தெரு தொழிற்சாலை அந்த வருஷக் கடைசியில்தான் மூடப்பட்டது, அதற்கு முன் அங்கே செய்தது. 5.6 மீட்டர் நீளம், கிட்டத்தட்ட 1.9 டன் எடை. பாடி நன்றாக இருக்கிறது, சீட் சோபா மாதிரி இருக்கிறது, ஆனால் பிக்கப் சுத்தமாக இல்லை. ஹைவே ராம்ப்பில் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தாலும் பின்னால் வருகிற லாரி கண்ணாடியை நிறைத்துக்கொண்டே வரும். நின்ற இடத்திலிருந்து 60 மைல் வேகம் எடுக்க 19 நொடி. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன், பானெட்டைத் திறந்து ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை, "இந்த 307 எல்லாமே இப்படித்தான், தூக்கிட்டு 350 போடுங்க" என்றார்கள். (இரண்டும் கன அங்குலத்தில் இன்ஜினின் அளவு.) நானும் நம்பி, பழைய இன்ஜின் விற்கிறவர்களை விசாரிக்க ஆரம்பித்தேன்.

விசாரிக்கும்போதுதான் முதல் குழப்பம். வண்டியை விற்றவர் "உள்ளே இருப்பது செவர்லே இன்ஜின், பார்ட்ஸ் எங்கேயும் கிடைக்கும்" என்று சொல்லியிருந்தார். அது தவறு. வின் நம்பரில், அதாவது வண்டியின் அடையாள எண்ணில், எட்டாவது எழுத்து 'ஒய்', அப்படியென்றால் ஜெனரல் மோட்டார்ஸின் இன்னொரு பிராண்டான ஓல்ட்ஸ்மொபிலின் (ஓல்ட்ஸ்) 307. நம்பர் பார்க்காமலே கண்டுபிடிக்கலாம்: ஆயில் ஊற்றும் குழாய் இன்ஜினின் முன்பக்கம் தனியாக நிமிர்ந்து நின்றால் ஓல்ட்ஸ், வால்வு கவரிலேயே ஆயில் மூடி இருந்தால் செவி, அதாவது செவர்லே. வாங்குகிறவர்கள் இதை முதலில் பாருங்கள், ஏனென்றால் இரண்டுக்கும் 5 லிட்டர் என்றுதான் சொல்வார்கள், ஆனால் ஒன்றின் சாமான் மற்றதற்குச் சேராது.

கேடிலாக் வண்டியில் ஓல்ட்ஸ் இன்ஜின் எப்படி வந்தது என்று தேடிப் படித்ததில் ஒரு வாரம் போயிற்று. 1970 எல்டொராடோவில் 500 கன அங்குல வி8, 8.2 லிட்டர், 400 குதிரைத்திறன். அதே 8.2 லிட்டருக்கு 1976-இல் 190 குதிரைத்திறன்தான் போட்டிருக்கிறது. பாதி சக்தி செத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள், அது முழு உண்மை இல்லை. ஈயமில்லாத பெட்ரோலுக்காக 1971-இல் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் அளவை, குறைத்தார்கள், அதில் கொஞ்சம் போனது நிஜம். ஆனால் 1972-இலிருந்து அளக்கும் முறையே மாறிவிட்டது: அதுவரை சைலன்சர், ஏர் ஃபில்டர் இல்லாமல் மேஜையில் வைத்து அளந்தார்கள், பிறகு வண்டியில் இருக்கும்படியே எல்லாம் மாட்டி அளந்தார்கள். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது.

1973 எண்ணெய் நெருக்கடிக்கும், 1975-இல் வந்த மைலேஜ் சட்டத்துக்கும் பிறகு அவசரம் பிடித்துக்கொண்டது. 1977-இல் வண்டியைச் சுருக்கி 7 லிட்டர், 1980-இல் 6 லிட்டர். 1981-இல் அதே 6 லிட்டரில் தேவைக்கேற்ப எட்டு, ஆறு, நான்கு சிலிண்டராக மாறும் வி8-6-4. எனக்கு இதன் மேல் தனி மரியாதை உண்டு. சோலனாய்டு வைத்து வால்வுகளைத் திறக்கவிடாமல் நிறுத்தும் யோசனை சரியானது, அன்றைய கம்ப்யூட்டருக்குத்தான் அந்த வேகம் போதவில்லை. ஒரே ஒரு வயரைக் கழற்றிவிட்டு எப்போதும் எட்டிலேயே ஓட்டியவர்கள் நிறைய, அப்படி ஓட்டிய இன்ஜின்கள் நன்றாக உழைத்தன.

டீசலும் ஒரு ஆப்ஷனாக இருந்தது, ஓல்ட்ஸ் 5.7 லிட்டர். டீசலின் அழுத்தத்துக்கு ஹெட் போல்ட் போதாமல், ஹெட் கேஸ்கெட் போய், எரிபொருளில் இருக்கும் தண்ணீரைப் பிரிக்க வழியில்லாமல் பம்ப் கெட்டு, கடைசியில் 1985-ஓடு நிறுத்தினார்கள். அப்புறம் 1982-இல் வந்த எச்டி4100. அலுமினிய பிளாக், இரும்பு ஹெட், 4.1 லிட்டர், 125 குதிரைத்திறன். இவ்வளவு பெரிய உடம்பை இழுக்க அது போதவே போதாது. சூட்டில் அலுமினியமும் இரும்பும் வேறு வேறு அளவில் விரிவதால் இன்டேக் கேஸ்கெட் தளர்ந்து கூலன்ட் ஆயிலில் கலக்கும். எச்டி4100 போட்ட பெரிய கேடிலாக் விலை குறைவாக வந்தால் முதலில் ஆயில் அளக்கும் குச்சியை (டிப்ஸ்டிக்) உருவிப் பாருங்கள், ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இதற்கெல்லாம் பிறகுதான் 1986-இல் பின்சக்கர இழுவை ப்ரோமுக்கு ஓல்ட்ஸ் 307 வந்தது. 140 குதிரைத்திறன் என்று பார்த்தால் சின்னதுதான். ஆனால் முறுக்கு விசை 345 நியூட்டன் மீட்டர், அதுவும் 2000 ஆர்பிஎம்மிலேயே. கீழ் வேகத்தில் இழுக்கச் செய்த இன்ஜின் அது. அப்படியென்றால் என் வண்டி ஏன் இழுக்கவில்லை? இந்தக் கேள்வி வந்ததும் இன்ஜின் மாற்றும் வேலையை நிறுத்தினேன்.

முதல் வாரம் கம்ப்ரஷன் பார்த்தோம். எட்டு சிலிண்டரும் 140-க்கும் 150 பிஎஸ்ஐக்கும் நடுவில், ஒன்றுகூடக் கீழே இல்லை. இன்ஜின் ஆரோக்கியம். அடுத்து டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் கனெக்டரில் ஏ, பி இரண்டு முனையையும் ஒரு கிளிப்பால் சேர்த்தோம், டேஷ்போர்டு விளக்கு மின்னி கோளாறு எண்களைக் காட்டியது: முதலில் 12, அது எப்போதும் வருவது, பிறகு 44. புகையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று அர்த்தம். கார்புரேட்டர் பக்கத்தில் தொங்கும் பச்சை கனெக்டரில் டுவெல் மீட்டரை மாட்டி, எட்டு சிலிண்டர் இன்ஜினாக இருந்தாலும் ஆறு சிலிண்டர் அளவில் வைத்துத்தான் படிக்க வேண்டும். முள் 6-இல் அசையாமல் நின்றது. கம்ப்யூட்டர் "பெட்ரோல் கொடு, இன்னும் கொடு" என்று கடைசி எல்லையில் கேட்டுக்கொண்டிருக்கிறது, எங்கோ திருட்டுக் காற்று உள்ளே போகிறது.

இரண்டாவது, மூன்றாவது வாரம் முழுக்க வாக்கும் ஹோஸ்தான், இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தைக் கடத்தும் சின்ன ரப்பர் குழாய்கள். இந்த இன்ஜினில் அவ்வளவு ஹோஸ் இருக்கிறது. கையில் எடுத்ததும் முறுக்கு மாதிரி ஒடிந்தன. புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வுக்குப் போகும் ஹோஸைக் கழற்றினால் உள்ளே ஒரு துருப்பிடித்த போல்ட்டைத் திணித்து அடைத்து வைத்திருக்கிறார்கள். பானெட்டுக்குள் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்து, ஒரு ஹோஸைக் கழற்றி அதே இடத்தில் புதிதை மாட்டிய பிறகுதான் அடுத்ததைத் தொட்டோம். மொத்தம் ஆறு மீட்டருக்கு மேல் போனது. முள் 18-க்கு வந்தது, 44 மறுபடி வரவில்லை.

நான்காவது வாரம் டைமிங், அதாவது ஸ்பார்க் எவ்வளவு முன்னதாக வருகிறது என்பது. அதே ஏ, பி முனைகளைச் சேர்த்து 1100 ஆர்பிஎம்மில் 20 டிகிரி இருக்க வேண்டும், இங்கே 8 டிகிரி. செவி என்று நினைத்து யாரோ வைத்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரு எச்சரிக்கை: செவிக்கும் ஓல்ட்ஸுக்கும் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) ஒன்றுதான், 1-8-4-3-6-5-7-2, ஆனால் ஓல்ட்ஸில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஸ்பார்க்கைப் பிரித்துக்கொடுக்கும் ரோட்டர் எதிர்த்திசையில், அதாவது இடஞ்சுழியாகச் சுற்றும். டைமிங்கை முன்னே கொண்டுவர டிஸ்ட்ரிபியூட்டரை வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பத் திருப்ப ஸ்லோ ரன்னிங் சத்தமே மாறியது, அதுவரை இருந்த திணறல் போய் ஒரே சீராக வந்தது.

அதே நாள் சாயங்காலம்தான் பெரிய விஷயம் கிடைத்தது. குவாட்ராஜெட் கார்புரேட்டரில் முன்னால் சின்னதாக இரண்டு வாய், பின்னால் பெரிதாக இரண்டு வாய். இன்ஜினைச் சூடாக்கி அணைத்துவிட்டு மச்சினனை ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லி, நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். முன்வாய் முழுசாகத் திறந்தது. பின்வாய் அசையவே இல்லை. இன்ஜின் குளிராக இருக்கும்போது பின்வாயைப் பூட்டி வைக்க ஒரு சின்ன லீவர் உண்டு, சூடானதும் அது விலக வேண்டும். பழைய பெட்ரோல் பிசுக்கில் அது ஒட்டிக்கொண்டு, எத்தனை வருஷமோ தெரியாது, விலகாமலே இருந்திருக்கிறது. வண்டி இத்தனை நாளும் பாதி மூச்சில் ஓடியிருக்கிறது. கிளீனர் அடித்து, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, விரலால் தள்ளினேன். "டிக்" என்று விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

(கார்புரேட்டரைத் தொடுகிறவர்கள் கியர்பாக்ஸுக்குப் போகும் டிவி (த்ராட்டில் வால்வு) கேபிளை மட்டும் இடம் மாற்றாதீர்கள். அது தளர்ந்தால் 200-4ஆர் கியர்பாக்ஸில் அழுத்தம் குறைந்து கிளட்ச் கருகிவிடும்.)

நேற்று கார்புரேட்டரின் பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்து, முள் 30. ராம்ப்பில் மூன்று தடவை ஓட்டினோம், 60 மைலுக்கு 14 நொடி. காலனுக்கு 13 மைல் கொடுத்தது, இந்த டேங்கில் 17. இது வேகமான வண்டி இல்லை, ஆகவும் போவதில்லை. வேகம் வேண்டுமென்றால் 260 குதிரைத்திறன் எல்டி1 வந்த 1994-96 ஃப்ளீட்வுட் வாங்க வேண்டும். 1990 ப்ரோமில் கம்பெனியே செவி 350-ஐ ஆப்ஷனாகக் கொடுத்தது, 175 குதிரைத்திறன், அதுவும் நல்ல தேர்வு. ஆனால் என் வண்டியில் அதைப் போட மவுன்ட், வயரிங், கம்ப்யூட்டர், சைலன்சர் எல்லாம் மாற்ற வேண்டும். ஓல்ட்ஸ் 350 என்றால் அதே மவுன்ட்டில் உட்கார்ந்துவிடும், என்றைக்காவது 307 தேய்ந்து போனால் அதுதான் போடுவேன்.

350 விற்கிறவருக்கு இன்று காலை போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை வால்வு கவர் கேஸ்கெட், இடது பக்கம் ஆயில் கசிகிறது.